குற்றவாளிக் கூண்டு மறுக்கப்பட்டவர்கள்

நீதியற்றதென்று தாம் கருதும் சட்டத்தையோ ஆணையையோ குடிமக்கள் அறிந்தே, பலர் காண, ஆயுதம் ஏந்தாமல் மீறுவதும், அம்மீறலுக்கு உரிய தண்டனைக்கு அஞ்சி மறையாமல் நிற்பதும் சேர்ந்ததே சட்டமறுப்பு எனப்படுகிறது. அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஜான் ரால்ஸ் 1971இல் வெளியிட்ட தம் நீதிக் கோட்பாட்டு நூலில் இதற்குத் தந்த விளக்கமும் ஏறத்தாழ இதுவே. ஒரு சட்டத்தையோ அரசின் கொள்கையையோ மாற்றும் நோக்குடன், மனச்சான்றின் வழி நின்று, வன்முறையின்றிப் பொதுவெளியில் செய்யப்படும் சட்டமீறல் என்று அவர் அதை வரையறுத்தார். ஏறத்தாழ நீதியுடன் இயங்கும் சமூகத்தில்தான் இச்செயலுக்குப் பொருள் உண்டு என்றும் அவர் கருதினார். ஏனெனில், மீறுபவர் முறையிடுவது பெரும்பான்மையினரின் நீதியுணர்விடம். அவ்வுணர்வு அறவே இல்லாத இடத்தில் முறையீட்டைக் கேட்க ஆளில்லை.

இவ்விளக்கம் மீறுபவரின் கடமைகளைத் தெளிவாகச் சொல்கிறது; ஆனால் அரசின் கடமையைச் சொல்லாமலே விட்டுவிடுகிறது. தண்டனையை ஏற்கத் தயாராக ஒருவர் வந்து நிற்கும்போது, அவர்மீது குற்றம் சாட்டி, திறந்த நீதிமன்றத்தில் அவர் பேச இடமளித்து, அவர் மீறிய சட்டம் செல்லுமா என்ற கேள்வியையும் எழுப்ப விட்டு, அதன் பின்னரே தண்டிப்பதோ விடுவிப்பதோ அரசின் பங்கு. அந்த இரண்டாம் பாதி நிறைவேறாவிட்டால் சட்டமறுப்பு அரைகுறையாகவே நின்றுவிடுகிறது. மலேசியத் தமிழரின் போராட்ட வரலாற்றில், குறிப்பாகக் கோலாலம்பூரைச் சூழ்ந்த கிள்ளான் பள்ளத்தாக்கில் நடந்தவற்றில், மக்கள் தம் பங்கைச் செய்ய முன்வந்தபோது அரசு பலமுறை தன் பங்கைத் தட்டிக்கழித்திருக்கிறது.

நீதிமன்றம் ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்கு இரண்டு சான்றுகள் போதும். 1922 மார்ச்சில் அகமதாபாத்தில் இராஜத்துரோகக் குற்றச்சாட்டை எதிர்கொண்ட காந்தி, குற்றத்தை ஒப்புக்கொண்டு, உச்சத் தண்டனையே தமக்குத் தரப்பட வேண்டும் என்று கேட்டார். நீதிபதி புரூம்ஃபீல்டு அவருக்கு ஆறாண்டுச் சிறைத்தண்டனை விதித்தார். தண்டனை விதித்தவர் வெள்ளையர் ஆட்சியின் நீதிபதிதான். எனினும் காந்தி அந்தக் கூண்டில் நின்று கூறியது இந்தியா முழுவதும் வாசிக்கப்பட்டது. இரண்டாவது, அமெரிக்காவின் பர்மிங்காம் நகரில் நடந்தது. 1963 ஏப்ரலில் ஊர்வல உரிமம் இன்றி நடந்ததற்காகக் கைதானவர்களுள் மார்ட்டின் லூதர் கிங்கும் பாதிரியார் ஷட்டில்ஸ்வொர்த்தும் இருந்தனர். ஷட்டில்ஸ்வொர்த்தின் வழக்கு ஆறாண்டுகள் இழுத்து, 1969இல் உச்ச நீதிமன்றத்தை எட்டியபோது, அந்த உரிம விதியே அரசமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பாயிற்று. முதல் வழக்கில் சட்டம் மாறவில்லை, இரண்டாவதில் மாறியது. ஆனால் இரண்டிலும் மீறியவரின் வாதம் ஆவணமாகிப் பிறர் எடைபோடத்தக்க வடிவத்தைப் பெற்றது.

கிள்ளானில் 1941இல் நடந்த ரப்பர் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் இதற்கு நேர்மாறான முடிவைக் கண்டது. ‘தமிழ் நேசன்’ நாளிதழில் பணியாற்றிய ஆர். எச். நாதனும் அவருடைய தோழர்களும் கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் வழியாகத் தோட்டங்களில் தொழிலாளரைத் திரட்டினர். அவர்கள் முன்வைத்த கோரிக்கைப் பட்டியலில் சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, மருத்துவ வசதி, பிள்ளைகளுக்கு முறையான கல்வி, கள்ளுக்கடைகளை மூடுதல், பெண்களிடம் தோட்ட நிர்வாகத்தினர் முறைகேடாக நடப்பதை நிறுத்துதல், கூட்டம் கூடவும் பேசவும் உரிமை ஆகியவை இருந்தன. இவற்றுக்கிடையே இன்றைய வாசகருக்கு விந்தையாகத் தோன்றக்கூடிய ஒரு கோரிக்கையும் இருந்தது: துரைமாரோ (வெள்ளை மேலாளர்கள்) கிராணிமாரோ (தோட்ட எழுத்தர்கள்) எதிரே வரும்போது தொழிலாளி தம் சைக்கிளைவிட்டு இறங்காமலே செல்ல உரிமை வேண்டும் என்பது அது. நாட்கூலி சில காசுகள் ஏறுவதைவிட நிர்வாகத்தை அதிகம் உறுத்தியிருக்கக்கூடியது இக்கோரிக்கைதான். கூலி உயர்வுக்குக் கணக்குப் பார்த்து இணங்கலாம். ஆனால் சைக்கிளில் இருந்து இறங்காத தொழிலாளி, எந்த ஏட்டிலும் எழுதப்படாததும் தோட்டம் முழுவதையும் தாங்கி நின்றதுமான ஒரு சட்டத்தை ஒவ்வொரு நாளும் சாலையிலேயே மறுக்கிறார்.

முதற்கட்ட வேலைநிறுத்தங்களில் ஓரளவு கூலி உயர்வு கிடைத்தது. அதற்குப் பின் காலனி அரசு கையாண்ட முறைதான் கவனிக்கத்தக்கது. மே மாதத் தொடக்கத்தில் நாதன் கைது செய்யப்பட்டார். எந்தக் குற்றத்துக்காக என்று நீதிமன்றத்தில் மெய்ப்பிக்கும் பொறுப்பை மேற்கொள்ளாமல், நாடுகடத்தும் அதிகாரத்தைப் பயன்படுத்தி அவரை இந்தியாவுக்கு அனுப்பிவிட்டது அரசு. அவரை விடுவிக்கக் கோரி வேலைநிறுத்தம் சிலாங்கூர் முழுவதும் பரவியது. மே மாத நடுவில் அவசரநிலை அறிவிக்கப்பட்டு, படையினர் வரவழைக்கப்பட்டு, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர். நாதன் விசாரிக்கப்பட்டிருந்தால் அவர் தண்டிக்கப்பட்டிருக்கவும் கூடும். ஆனால் தோட்டங்களில் நடந்துகொண்டிருந்தவை சாட்சியமாகப் பதிவாகியிருக்கும். அந்தப் பதிவைத்தான் அரசு விரும்பவில்லை என்று கருத இடமுண்டு.

அறுபத்தாறு ஆண்டுகள் கழித்து, சுதந்திர மலேசியாவில், இதே பள்ளத்தாக்கில், ஏறத்தாழ அதே முறை மீண்டும் கையாளப்பட்டது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புத் திட்டங்களாகவும் நகர்ப்பகுதிகளாகவும் மாறியபோது, அங்கு மூன்று நான்கு தலைமுறைகளாக வாழ்ந்த குடும்பங்கள் வேலையோடு வீட்டையும் இழந்தன, ஏனெனில் வீடு தோட்டத்துக்குரியது. கோயிலையும் இழந்தன, ஏனெனில் கோயில் நின்ற நிலமும் அவர்கள் பெயரில் இல்லை. பட்டா இல்லாத கோயில்கள் ‘சட்டவிரோதக் கட்டடங்கள்’ என்ற பெயரில் இடிக்கப்பட்டுவந்த நிலையில், 2007 அக்டோபர் 30 அன்று, தீபாவளிக்குச் சில நாட்களே இருந்தபோது, ஷா ஆலாமை அடுத்த பாடாங் ஜாவாவில் மகா மாரியம்மன் கோயில் இடிக்கப்பட்டது. இதற்கு முன்பே உருவாகியிருந்த இண்ட்ராப் எனப்படும் இந்து உரிமைப் போராட்டக் குழு, தோட்டத் தொழிலாளரைக் கொண்டுவந்து பாதுகாப்பின்றி விட்டுச் சென்றதற்காகப் பிரிட்டிஷ் அரசின்மீது இலண்டனில் வழக்குத் தொடுத்திருந்தது. அவ்வழக்குக்கு வழக்கறிஞரை அமர்த்தித் தருமாறு எலிசபெத் அரசியாரிடம் கோரும் மனுவைக் கோலாலம்பூரில் உள்ள பிரிட்டிஷ் தூதரகத்தில் அளிப்பதற்காகவே 2007 நவம்பர் 25 பேரணி அழைக்கப்பட்டது.

அன்றைய சட்டநிலையை விளக்க வேண்டும். கூட்டரசு அரசமைப்பின் 10ஆம் விதி, அமைதியாகவும் ஆயுதமின்றியும் ஒன்றுகூடும் உரிமையைக் குடிமக்கள் அனைவருக்கும் தருகிறது. பொது ஒழுங்கு, பாதுகாப்பு ஆகியவற்றின் பொருட்டு நாடாளுமன்றம் அதற்குக் கட்டுப்பாடு விதிக்கலாம் என்றும் சொல்கிறது. அக்கட்டுப்பாட்டின் பெயரால் 1967ஆம் ஆண்டுக் காவல்துறைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, பொது இடத்தில் கூடுவதற்குக் காவல்துறையிடம் உரிமம் பெற வேண்டும் என்றது. அரசை விமர்சிப்போருக்கு அந்த உரிமம் எளிதில் கிடைப்பதில்லை. எனவே மலேசியாவில் சட்டமறுப்பு என்று சொல்லப்பட்டவற்றில் பெரும்பகுதி, அரசமைப்பு தந்த உரிமையைக் கீழ்நிலைச் சட்டம் ஒன்று குற்றமாக்கியிருந்ததால் குற்றமானது. உப்புச் சத்தியாக்கிரகத்தில் உப்பு எடுத்தவரைப் போலவே தெருவில் நடந்தவரும் குற்றவாளியானார்; ஆனால் உப்புச் சட்டத்துக்கு மேலே உரிமைகளை எழுதிவைத்த அரசமைப்பு ஏதும் அன்று இந்தியாவில் இருக்கவில்லை, இங்கே இருந்தது.

இண்ட்ராப் பேரணிக்கு உரிமம் இல்லை. கூடக்கூடாது என்று நீதிமன்ற ஆணையும் பெறப்பட்டிருந்தது. முந்தைய இரவே பத்துமலைக் கோயில் வளாகத்தில் கூடியவர்கள் மீதும், காலையில் இரட்டைக் கோபுரத்தை ஒட்டிய அம்பாங் சாலைப் பகுதியில் திரண்டவர்கள் மீதும் கண்ணீர்ப்புகையும் ரசாயனம் கலந்த நீரும் பாய்ச்சப்பட்டன. வந்தவர்களின் எண்ணிக்கை பத்தாயிரத்துக்குக் குறையாது என்பதைப் பெரும்பாலோர் ஏற்றனர்; பலர் காந்தியின் படத்தை ஏந்தியிருந்தனர். மனு அன்று தூதரகத்துக்குள் போய்ச் சேரவில்லை. பத்துமலையில் நடந்தவை தொடர்பாக 31 பேர் மீது காவலர் ஒருவரைக் கொல்ல முயன்றதாகக் குற்றம் சாட்டப்பட்டது. அக்குற்றச்சாட்டு டிசம்பரிலேயே கைவிடப்பட்டது.

இதில் கிள்ளான் நீதிமன்றத்தின் பங்கு போதிய அளவு பேசப்படவில்லை. பேரணிக்கு இரு நாட்களுக்கு முன் இண்ட்ராப் தலைவர்களான பி. உதயகுமார், பி. வேதமூர்த்தி, வி. கணபதிராவ் ஆகிய மூவரும் தேசநிந்தனைக் குற்றச்சாட்டில் கிள்ளான் செஷன்ஸ் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டனர். குற்றச்சாட்டு முறையாக அமையவில்லை என்பதால், பேரணிக்கு மறுநாள், நவம்பர் 26 அன்று, நீதிமன்றம் அவர்களை அவ்வழக்கிலிருந்து விடுவித்தது. குறைகளைச் சரிசெய்து மீண்டும் வழக்குத் தொடுக்க அரசுக்கு வழி இருந்தது. உதயகுமார்மீது பிரிட்டிஷ் பிரதமருக்கு எழுதிய கடிதத்துக்காகத் தனி வழக்கும் தொடுக்கப்பட்டது. எனினும் டிசம்பர் 13 அன்று உதயகுமார், கணபதிராவ், எம். மனோகரன், ஆர். கெங்காதரன், டி. வசந்தகுமார் ஆகிய ஐவரும் 1960ஆம் ஆண்டு உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்ப் பிடிக்கப்பட்டு, தைப்பிங்கை அடுத்த கமுண்டிங் தடுப்பு முகாமுக்கு அனுப்பப்பட்டனர். இசா என்று மக்கள் வழக்கில் வழங்கிய அச்சட்டத்தின்படி, உள்நாட்டுப் பாதுகாப்புக்குப் பொறுப்பான அமைச்சர் கையெழுத்திட்டால் ஒருவரை விசாரணையின்றி ஈராண்டுகள் அடைத்துவைக்கலாம், அக்காலம் முடிந்ததும் நீட்டிக்கவும் செய்யலாம். அவர்கள் செய்தது குற்றமா என்று சொல்லும் வாய்ப்பு, கிள்ளானில் ஒருமுறை அரசின் குற்றச்சாட்டை ஏற்காத நீதிமன்றத்திடமிருந்து இவ்வாறு பறிக்கப்பட்டது.

இலங்கையிலும் இதே போக்கைக் காணலாம். 1961இல் யாழ்ப்பாணக் கச்சேரியின் முன் தமிழரசுக் கட்சி நடத்திய சத்தியாக்கிரகம், ஏப்ரல் மாதத்தில் சொந்தத் தபால் சேவையைத் தொடங்கித் தபால்தலையும் விற்கும் அளவுக்கு வளர்ந்தது. சட்டமீறல் என்றால் அது பட்டவர்த்தனமான சட்டமீறல். வழக்குத் தொடுக்க அரசுக்கு எந்தத் தடையும் இல்லை. வழக்குத் தொடுப்பதற்குப் பதிலாக, அவசரநிலையை அறிவித்து, செல்வநாயகம் உள்ளிட்ட தலைவர்களைப் பனாகொடை முகாமில் விசாரணையின்றி மாதக்கணக்கில் தடுத்துவைத்தது அரசு. அமைதிவழியில் பேசியவர்களுக்குக் கூண்டில் நின்று பேசவும் இடமில்லை என்று கண்ட அடுத்த தலைமுறை என்ன முடிவுக்கு வந்தது என்பதை இங்கு விரித்துரைக்க வேண்டியதில்லை.

மலேசியாவில் நேர்ந்தது வேறு. 2008 மார்ச் 8 பொதுத்தேர்தலில் ஆளும் தேசிய முன்னணி மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மையை இழந்தது, மலேசிய இந்திய காங்கிரஸ் (ம.இ.கா.) தலைவர் சாமிவேலு சுங்கை சிப்புட்டில் மருத்துவர் ஜெயகுமார் தேவராஜிடம் தோற்றார்; கமுண்டிங்கில் அடைபட்டிருந்த மனோகரன் கிள்ளானின் கோத்தா அலாம் ஷா சட்டமன்றத் தொகுதியில் வென்றார். நீதிமன்றத்தில் கேட்கப்படாத வாதத்தை வாக்காளர் கேட்டனர் என்று இதைக் கொள்ளலாம். தேர்தல் ஓரளவேனும் திறந்திருந்த காரணத்தால், நீதிமன்றம் அடைபட்டதன் சினம் வாக்குப்பெட்டியில் வெளிப்பட்டது. எனினும் ஐவரும் முழுமையாக வெளிவர 2009 மே வரை ஆயிற்று. 2008 அக்டோபரில் தடைசெய்யப்பட்ட இண்ட்ராப் மீதான தடை 2013 வரை நீடித்தது.

இண்ட்ராபின் குறைகளையும் மறைக்க வேண்டியதில்லை. பிரிட்டனிடம் நான்கு டிரில்லியன் டாலர் இழப்பீடு கேட்டது வழக்காக அல்லாமல் முழக்கமாகவே நின்றது. மலேசியாவில் இன அழிப்பு நடப்பதாக எழுதியது உண்மையை மீறியது. பாட்டாளிகளின் மெய்யான துயரத்தை அச்சொல் வலுப்படுத்தவில்லை, நடுநிலையாளர் அத்துயரத்தையே ஐயுறும்படி செய்தது. அதே 2007 நவம்பர் 10 அன்று தேர்தல் சீர்திருத்தம் கோரி நடந்த பெர்சே பேரணியில் மூவினத்தாரும் கலந்துகொண்டிருக்க, இண்ட்ராப் பேரணி தன்னை ஒரு சமயத்தின் பெயரால் அழைத்துக்கொண்டது. நாட்டைவிட்டு வெளியேறிய வேதமூர்த்தியைக் குறித்தும் ஒரு கேள்வி எழும்: தண்டனையை ஏற்க நிற்பதே சட்டமறுப்பின் இலக்கணமென்றால், வெளியேறியவர் அவ்விலக்கணத்துக்குப் பொருந்துவாரா? ஏற்க வேண்டியது சட்டம் விதிக்கும் தண்டனையைத்தான். விசாரணையற்ற தடுப்புக்காவல் தண்டனையன்று. எனவே அதற்குத் தலைகொடுக்கும் கடமையும் எவருக்கும் இல்லை. பின்னாளில் அவர் 2013இல் துணையமைச்சராகி ஓராண்டுக்குள் விலகியதும், 2018இல் அமைச்சரானதும் வேறு கணக்கில் எழுத வேண்டியவை.

வழக்கறிஞருக்கே கதவு அடைக்கப்பட்ட நிகழ்ச்சி கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்சில் நடந்தது. 2009 மே 7 அன்று அங்குள்ள காவல் நிலையத்தின் முன் மெழுகுவத்தி ஏந்தி அமைதியாகக் கூடியவர்கள் கைது செய்யப்பட்டனர். அவர்களைச் சந்திக்க வந்த இலவச சட்ட உதவி வழக்கறிஞர் ஐவரும் அதே இரவில் கைதாயினர். வழக்கறிஞர் மன்றம் அவசரப் பொதுக்கூட்டம் கூட்டிக் கண்டித்தது. மனித உரிமை ஆணையமான சுஹாகாம் பொது விசாரணை நடத்தி, உரிமை மீறப்பட்டது உண்மையே என்றது. நீதிமன்றத்துக்குச் செல்லும் வழியில் முதல் படியான வழக்கறிஞர் சந்திப்பையே தடுப்பது, இசா சட்டம் பெரிய அளவில் செய்ததன் சிறு வடிவம்.

இசா 2012இல் நீக்கப்பட்டது. அதே ஆண்டு ஏப்ரல் 23 அன்று நடைமுறைக்கு வந்த அமைதிப் பேரணிச் சட்டம், உரிமம் பெறுவதற்குப் பதிலாகக் காவல்துறைக்குப் பத்து நாட்களுக்கு முன் அறிவிப்புத் தந்தால் போதும் என்றது. அறிவிக்கத் தவறினால் பத்தாயிரம் ரிங்கிட் வரை அபராதம் என்றும் 9(5)ஆம் பிரிவில் சேர்த்தது. ஐந்தே நாட்களில், ஏப்ரல் 28 அன்று, அம்பிகா சீனிவாசன் இணைத்தலைமை தாங்கிய பெர்சே இயக்கத்தின் மூன்றாம் பேரணி மெர்டேக்கா சதுக்கத்தின் தடுப்புகளை எட்டியது, மீண்டும் கண்ணீர்ப்புகை. ஆனால் ஒரு மாற்றம் நிகழ்ந்திருந்தது. இப்போது மீறியவர்கள் முகாமுக்கு அனுப்பப்படவில்லை, வழக்கில் நிறுத்தப்பட்டனர். கெலானா ஜெயா அரங்கில் 2013 மே மாதம் கூட்டம் கூட்டிய நிக் நஸ்மியின் வழக்கில், அமைதியாகக் கூடுவது குற்றமல்ல என்னும்போது அறிவிப்புத் தராததை மட்டும் குற்றமாக்குவது அரசமைப்புக்கு முரண் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2014 ஏப்ரலில் கூறியது. 2015 அக்டோபரில் ஜொகூரைச் சேர்ந்த யுனேஸ்வரனின் வழக்கில் அதே மன்றத்தின் வேறொரு அமர்வு, அந்தப் பிரிவு செல்லும் என்று நேரெதிராகத் தீர்ப்பளித்தது. ஒரே பிரிவைப் பற்றி இரண்டு தீர்ப்புகள் நிலவ, பேரணி நடத்தியவர்களைக் காவல்துறை தொடர்ந்து வாக்குமூலத்துக்கு அழைத்துவந்தது.

அக்குழப்பம் தீரப் பத்தாண்டுகள் ஆயின. போர்க்கப்பல் கொள்முதல் முறைகேட்டைக் கண்டித்து 2022 ஆகஸ்டில் கோலாலம்பூர் சோகோ அங்காடியின் முன் நடந்த பேரணிக்காகக் குற்றம் சாட்டப்பட்ட அமீர் ஹாடி, 9(5)ஆம் பிரிவையே கேள்விக்குள்ளாக்கினார். 2025 ஜூலை 1 அன்று, அப்போதைய தலைமை நீதிபதி தெங்கு மைமுன் தலைமையிலான கூட்டரசு நீதிமன்ற அமர்வு, அறிவிப்புத் தராமைக்குக் குற்றத்தண்டனை விதிப்பது நியாயமான கட்டுப்பாட்டின் எல்லையைத் தாண்டி உரிமையையே தடுப்பதாகும் என்று கூறி அப்பிரிவைச் செல்லாததாக்கியது. பர்மிங்காமில் ஆறாண்டுகளில் நடந்தது கோலாலம்பூரில் சட்டம் வந்து பதின்மூன்றாண்டுகளில் நடந்தேறியது. அறிவிப்பின்றிக் கூடியவர்கள் கூடாமலே இருந்திருந்தால் வழக்கில்லை. வழக்கில்லாவிட்டால் இத்தீர்ப்பும் இல்லை. சுதந்திர சமூகத்தில் அமைதியான சட்டமறுப்பு ஆற்றும் பணிக்கு இதைவிடத் தெளிவான உள்நாட்டுச் சான்று தேட வேண்டியதில்லை.

இதற்கு எதிராக எப்போதும் வைக்கப்படும் வாதம் 1969 மே 13 இனக்கலவரம். பல இனத்தார் வாழும் நாட்டில் தெருக்கூட்டம் எந்நேரமும் தீப்பற்றலாம் என்ற அச்சம் வெறும் சாக்கு அன்று. அந்நாட்களை நேரில் கண்டவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஆயினும் 2011 முதல் 2016 வரை கோலாலம்பூர்த் தெருக்களில் பெர்சே பேரணிகள் நான்கு நடந்தும், அவற்றில் எதுவும் இனக்கலவரமாக மாறவில்லை. 2015 ஆகஸ்டில் இரு நாட்கள் நீடித்த பேரணியைக் காவல்துறை கண்ணீர்ப்புகையின்றி விட்டுவைத்தபோது, கூட்டம் தானாகவே கலைந்து சென்றது. கலவர அச்சம் காவலரை நிறுத்துவதற்கும் வழித்தடம் வகுப்பதற்கும் காரணமாகலாம். விசாரணையைத் தவிர்ப்பதற்குக் காரணமாகாது.

இசா போனாலும் அதன் இடத்தில் 2012இல் வந்த சொஸ்மா எனப்படும் பாதுகாப்புக் குற்றங்கள் சட்டம், ஒருவரைக் காவல்துறை 28 நாட்கள் வரை தடுத்துவைக்கவும், வழக்குத் தொடுத்த பின் பெரும்பாலோருக்குப் பிணை மறுக்கவும் வழிவகுக்கிறது. 2019 அக்டோபரில் விடுதலைப் புலிகளுடன் தொடர்பு என்ற பெயரில் சட்டமன்ற உறுப்பினர் இருவர் உட்படப் பன்னிருவர் இச்சட்டத்தின் கீழ்ப் பிடிக்கப்பட்டு, 2020 பிப்ரவரியில் குற்றச்சாட்டுகள் கைவிடப்படும்வரை சிறையில் இருந்தது கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழருக்குப் புதிய செய்தியல்ல. கூட்டரசு நீதிமன்றம் பேரணிச் சட்டத்தில் செய்த திருத்தத்தை நாடாளுமன்றம் சொஸ்மாவிலும் செய்ய வேண்டும்: 28 நாள் தடுப்பை நீக்கி, பிணை வழங்கும் முடிவை நீதிபதியிடமே விட வேண்டும்.